தென்னாப்பிரிக்கக் கால்பந்து கிளப் கைசர் சீஃப்ஸ் இத்தனை ஆட்களை வாங்கியும் லீக் ஜெயிக்காதது ஏன்?

ஆள் பஞ்சம் இல்லை. வருகிற ஒவ்வொரு கோச்சுக்கும் புதிதாக ஆட்களை வாங்கிக் கொடுத்து, அவரைச் சீக்கிரமே அனுப்பிவிட்டு, அந்த ஆட்களை அடுத்தவர் தலையில் கட்டுகிறார்கள். என் பதில் இவ்வளவுதான். நான் டர்பன், சாட்ஸ்வொர்த்காரன். இங்கே நம்மவர்களில் பாதிப் பேர் யுனைடெட், லிவர்பூல் என்று இங்கிலாந்துப் பக்கம் போய்விட்டார்கள், நான் இன்னும் அமகோசியின் (சீஃப்ஸின் செல்லப் பெயர்) மஞ்சள் கறுப்புச் சட்டையோடு சொந்தக்காரர்களிடம் கிண்டல் வாங்கிக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

கடைசியாக லீக் ஜெயித்தது 2014-15 சீசனில், கோச் ஸ்டூவர்ட் பாக்ஸ்டர் காலத்தில். 2019-20-ல் சீசன் முழுக்கக் கிட்டத்தட்ட முதலிடத்திலேயே இருந்துவிட்டு, கடைசி நாளில் பரோகாவோடு 1-1 டிரா ஆடி, பட்டத்தைப் போட்டி கிளப்பான சன்டவுன்ஸுக்குத் தாரை வார்த்தோம். அப்போதைய கோச் மிட்டன்டார்ப் போனார், ஹன்ட் வந்தார், மறுபடி பாக்ஸ்டர், அப்புறம் ஸ்வானே, என்ட்செகி, நபி. ஒருவர் கேட்டு வாங்கிய ஆட்டக்காரர் அடுத்தவருக்கு ஆகமாட்டார், ஆனால் ஒப்பந்தம் மட்டும் இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கும்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் தடைக் காலம். மடகாஸ்கர் ஆட்டக்காரர் டாக்ஸை 2018-ல் சேர்த்த விதத்துக்காக, இரண்டு டிரான்ஸ்ஃபர் காலத்துக்கு (ஆட்களை வாங்கி விற்கும் சமயம்) யாரையும் பதிவு செய்யக்கூடாது என்று ஃபிஃபா தடை போட்டது. வேறு வழியில்லாமல் சின்னப் பையன்களை இறக்கினார்கள். ப்ளோம் அணியில் நிரந்தர இடம் பிடித்தது அப்போதுதான், மஷியானேவும் அப்படித்தான். லீக்கில் எட்டாவது இடம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அதே அணிதான் 2021-ல் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டிக்குப் போனது! காசாபிளாங்காவில் அல் அஹ்லியிடம் 3-0 தோல்வி, அதுவும் இடைவேளைக்குச் சற்று முன் மஷியானே சிவப்பு அட்டை வாங்கி வெளியே போன பிறகுதான் மூன்று கோலும் விழுந்தது. சரி, பையன்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்களே, இவர்களோடு இரண்டு மூன்று நல்ல ஆட்களைச் சேர்த்தால் போதும் என்று யாருக்கும் தோன்றும்.

தடை நீங்கியதும் என்ன செய்தார்கள்? டாலி, கோல் அலெக்ஸாண்டர், நாங்கே, ஹ்லான்டி, செக்கோட்டா என்று ஒரே மூச்சில் வாங்கித் தள்ளினார்கள். டாலி நல்ல ஆட்டக்காரர், சந்தேகமில்லை, ஆனால் காயத்தில் எவ்வளவு நாள் போயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். ப்ளோம் 2023-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் சிட்டிக்குப் போய்விட்டார். 2023-24-ல் பத்தாவது, அடுத்த வருடம் ஒன்பதாவது.

நடுவே 2025 மே மாதம், லீக்குக்கு வெளியே நடக்கும் நெட்பேங்க் கோப்பை கிடைத்தது, அதுவும் நம்ம டர்பன் மோசஸ் மபிடா மைதானத்திலேயே, பரம எதிரி பைரேட்ஸை 2-1 என்று ஜெயித்து. பத்து வருடம் கழித்து வந்த முதல் கோப்பை. வெற்றி கோலை அடித்தவர் கேப்டன் யூசுஃப் மார்ட். சில வாரங்களில் அவரும் ஆஸ்திரியாவுக்குப் போய்விட்டார். அவருக்கு ஐரோப்பிய ஆசை இருந்திருக்கும், அது நியாயம்தான், ஆனால் நடுக்களத்தின் முதுகெலும்பு போகும்போது அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஒருவரைத் தயார் செய்து வைத்திருக்க வேண்டாமா?

பெரிய பெயர் இல்லாமல் ஜெயிக்க முடியாது என்பவர்களுக்கு எங்கள் சாட்ஸ்வொர்த்தையே காட்டுவேன். 1996-97-ல் பிரீமியர் சாக்கர் லீக் தொடங்கிய முதல் சீசனிலேயே சாம்பியன் ஆனது மேனிங் ரேஞ்சர்ஸ். சீஃப்ஸும் பைரேட்ஸும் சன்டவுன்ஸும் இருந்த லீக் அது. ரேஞ்சர்ஸ் கோச் கோர்டன் இகெசுன்ட் தன் ஆட்டத்துக்கு யார் பொருந்துவார்களோ அவர்களை வைத்து அணி கட்டினார். அந்த கிளப் இன்று இல்லை, பின்னால் கைமாறிப் பெயரும் போயிற்று, அது வேறு சோகம்.

இப்போது நான் கேட்பது ரொம்பச் சின்னது. விலகாசி, ஷபலாலா, டூபா மூவரும் நம் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர்கள். பைரேட்ஸ் தங்கள் ஆட்டக்காரர் மொஃபோகெங்கைச் சின்ன வயதிலேயே நம்பித் தொடர்ந்து ஆட விட்டதுபோல இவர்களையும் ஒரு முழு சீசன் ஆட விடுங்கள். ஒரு மேட்ச் சரியில்லை என்றால் உடனே பெஞ்சில் உட்காரவைத்து, முப்பது வயதுக்காரர் ஒருவரை வேறு கிளப்பிலிருந்து கூட்டி வராதீர்கள்.