பொங்கல் லீவில் சென்னைக்குள் கார் ஓட்டுபவர்களுக்கு: கேள்வி பதில்

17 வருடமாக இந்த ஊரில் கால் டாக்ஸி ஓட்டுகிறேன். லீவுக்கு வண்டி எடுக்கிறவர்கள் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன், குவிந்துவிட்டது. முடிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, பொங்கலன்று பாதி ஊர் காலி. ஓட்டுவது சுலபம்தானே?

பதில்: அங்கேதான் ஏமாறுவீர்கள். என் வண்டி அடி வாங்கியதெல்லாம் காலி ரோட்டில்தான். மற்ற நாளில் ஆற்காடு சாலையில் ஊர்ந்து போகும்போது முன்னால் போகிற ஆட்டோ குலுங்குவதைப் பார்த்தே பள்ளம் இருப்பது தெரிந்துவிடும், லீவு நாளில் முன்னால் ஆளே கிடையாது, கால் தானாக அழுத்தும். ஒரு தீபாவளி விடியற்காலை, ஏர்போர்ட் சவாரி. தெரு முழுக்கப் பட்டாசுக் குப்பை, அதற்கு அடியில் அமுங்கிப்போன மேன்ஹோல் மூடி. அறுபதில் இறக்கினேன். முன் ரிம் நெளிந்து, டயரின் பக்கவாட்டில் கோழிமுட்டை மாதிரி புடைத்துக்கொண்டது. ஸ்டெப்னியை (மாற்று டயரை) எடுத்தால் அதில் காற்றே இல்லை. பண்டிகை நாளில் எந்தப் பஞ்சர் கடை திறந்திருக்கும்? சவாரி வந்தவர் பெட்டியோடு ஆட்டோ பிடித்துப் போனார்.

கேள்வி: பள்ளம் திடீரென்று கண்ணில் பட்டால் பிரேக் அடிப்பதா, ஸ்டியரிங்கை வெட்டுவதா?

பதில்: வெட்டவே வெட்டாதீர்கள், பக்கத்தில் பைக்காரர் இருப்பார். பள்ளத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சக்கரம் இறங்குகிற நேரத்தில் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் முன்பக்கம் ஏற்கெனவே அமுங்கி நிற்கும், சஸ்பென்ஷன் மேலும் அமுங்க இடம் குறைந்து அடி முழுக்க ரிம்மில் விழும்.

கேள்வி: தம்பி, திருச்சியிலிருந்து அண்ணா நகர் வருகிறோம். எந்த வழி?

பதில்: திரும்பி வருகிற நாள் என்றால் பரனூர் டோலிலேயே வரிசை நிற்கும் அக்கா, அதற்கப்புறம் கிளாம்பாக்கம் பஸ் கூட்டம். விடியும் முன் தாண்டப் பாருங்கள். ஜிஎஸ்டி சாலையிலேயே கிண்டி வரை போகாமல் இரும்புலியூரில் பைபாஸ் ஏறி மதுரவாயலில் இறங்குங்கள். புழல் வரை போகிற 32 கிலோமீட்டர் சாலை அது, லாரி அதிகம், இடது ஓரம் ஒட்டிப் போகாதீர்கள்.

கேள்வி: மேப் பச்சையாகக் காட்டினால் நம்பிப் போகலாமா?

பதில்: பச்சை என்றால் நெரிசல் இல்லை, அவ்வளவுதான். மெட்ரோ இரண்டாம் கட்டம் மட்டும் சுமார் 119 கிலோமீட்டர். வேலை நடக்கிற இடத்தில் தகரம் அடைத்து, மாற்றுவழி என்று உள்தெருவில் விடுவார்கள், பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி அந்தத் தெரு பெயர்ந்து கிடக்கும். இரவில் தகர ஓரம் இருட்டு வேறு.

கேள்வி: காணும் பொங்கலுக்கு வேளச்சேரியிலிருந்து மெரினாவுக்குக் குழந்தைகளோடு காரில் போகலாமா சார்?

பதில்: வேண்டாம் சார். பறக்கும் ரயிலில் ஏறி திருவல்லிக்கேணியில் இறங்கி நடந்துவிடுங்கள்.

கேள்வி: மழை பெய்தால்?

பதில்: பொங்கலுக்கு அவ்வளவாக இருக்காது, தீபாவளிக்குத்தான் பயம். தண்ணீர் நிற்கிற சுரங்கப்பாதையில் முன்னால் பஸ் போகிறதே என்று பின்னால் இறங்காதீர்கள், அதன் உயரம் வேறு. நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது, உள்ளே தண்ணீர் ஏறியிருந்தால் பிஸ்டனோடு இணைந்த கம்பி, கனெக்டிங் ராட், வளைந்துவிடும். இறங்கித் தள்ளுங்கள். பெரிய பள்ளம் பார்த்தால் 1913-க்கு அடித்து மாநகராட்சியில் புகார் சொல்லலாம், நான் சொல்கிறேன், சிலது மூடுகிறார்கள், அடுத்த மழையில் ஒட்டு பெயர்ந்து அதே இடத்தில் நிற்கிறது.

கேள்வி: கிளம்பும் முன் ஒன்றே ஒன்று பார்க்க வேண்டும் என்றால் எதை?

பதில்: ஸ்டெப்னியில் காற்று. ஏன் என்று மேலேயே அழுதுவிட்டேன்.