நெல்லையில் குடியேற எந்த ஏரியா நல்லது? மேலப்பாளையத்தில் வீடு பார்க்கலாமா?

வேலை மாற்றலாகி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் படிப்பை நினைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர் எல்லாமே நல்ல இடங்கள்தான். பாளையங்கோட்டைப் பள்ளிகள் பக்கம், மகாராஜநகரில் உழவர் சந்தையும் உண்டு. வாடகைதான் கையைக் கடிக்கும். டவுனில் கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் "மேலப்பாளையம் மட்டும் வேண்டாம், பயமான ஏரியா" என்று இங்கே ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நான் அங்கே பிறந்து வளர்ந்தவன்.

1994இல் மாநகராட்சியோடு சேரும்வரை எங்களுக்குத் தனி நகராட்சியே இருந்தது. ஒரு காலத்தில் தறிச் சத்தம் கேட்ட ஊர். தறி படுத்த பிறகு பீடிதான் சோறு போட்டது. என் உம்மா மடியில் சுளவை (முறத்தை) வைத்துக்கொண்டு, இலையை அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டிக்கொண்டே என்னை வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வார். கடையில் பீடிக் கட்டைப் பிரித்துப் பார்த்து, சரியில்லை என்று கழித்தது போக மிச்சக் கூலியில்தான் எனக்குக் கல்லூரிப் பணம் கட்டினார். ராத்திரி வெகுநேரம் வரை திண்ணையில் பெண்கள் உட்கார்ந்து பீடி சுற்றுகிற தெருவில் என்ன பயம் சார்?

மகளுக்குப் பாளையங்கோட்டையில் பள்ளி கிடைத்தபோது அந்தப் பக்கம் ஒரு வீடு பார்த்தேன். பிடித்திருந்தது, அட்வான்ஸும் பேசி முடித்தாயிற்று. அப்புறம் வீட்டுக்காரர், "சொந்த ஊர் எது தம்பி?" என்றார். சொன்னேன். மறுநாள் போன் செய்து, மகன் குடும்பம் வந்து தங்கப்போகிறது என்றார். பல மாதம் கழித்தும் அந்த வாசலில் 'வாடகைக்கு' பலகை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பாளையங்கோட்டைக்காரர்கள் எல்லோருமே இப்படி என்று நான் சொல்லவில்லை, எனக்கு அங்கே நல்ல நண்பர்கள் இருக்கிறார்கள். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எங்கள் ஊரில் குறையே இல்லை என்றும் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தெருக்கள் குறுகல். செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தை அன்று நெரிசல் இருக்கும். எல்லாவற்றையும்விடப் பாளையங்கால்வாயைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. தாமிரபரணியிலிருந்து வயலுக்கு வருகிற தண்ணீர் அது. சின்ன வயதில் நாங்கள் குதித்துக் குளித்த கால்வாயில் இன்று கால் வைக்க முடியாது, சாக்கடையைத் திருப்பி விட்டிருக்கிறார்கள். எத்தனை முறை மனு கொடுத்தாலும் வந்து பார்த்துவிட்டுப் போவதோடு சரி.

நீங்கள் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. 2023 டிசம்பர் 17, 18 மழையில் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே மூழ்கியது. சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் என்று ஆற்றங்கரைப் பக்கமெல்லாம் வெள்ளம். எந்த ஏரியாவில் வீடு பார்த்தாலும் அன்றைக்கு அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் வேண்டாம், முக்குக் கடையில் கேளுங்கள்.