கடும் வெயிலிலும் குளத்துப் பச்சைப் படலம் ஏன் சாவதில்லை?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணங்களில், செம்பனைக்குப் போட்ட உரம் வடிந்து சேரும் குளம் வெயில் நாளில் பச்சையாகப் படலம் கட்டும். பல சமயம் அது சயனோபாக்டீரியா: செடிபோல ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்.

சூடு அதற்குப் பிடிக்கும். பல வகைகள் 25 டிகிரிக்கு மேல்தான் வேகமாகப் பெருகும். மேல்தண்ணீர் சூடானால் அடித்தண்ணீரோடு எளிதில் கலக்காது. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற வகைகள் செல்லுக்குள் இருக்கும் நுண்ணிய வாயுப்பைகளால் மேலே மிதந்து ஒளியைப் பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் தண்ணீர் வருஷம் முழுக்கச் சூடுதான். அதைக் குறைக்க முடியாது, அதனால் உரம் வடிவதைத்தான் முதலில் தடுக்க வேண்டும் என்பேன்.

மேலே வந்தால் புறஊதாக் கதிர் டிஎன்ஏவைச் சிதைக்கும். குலை வெட்டப் போகிறவர் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போடுவதுபோல, பல வகைகள் அந்தக் கதிரை உறிஞ்சும் பொருள்களைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. சிதைந்த டிஎன்ஏவை நீல ஒளியால் இயங்கும் ஒரு நொதி சரிசெய்கிறது. இதற்கும் எல்லை உண்டு. தாங்காதவை வெளுத்துச் செத்து நாறும். உள்ளே நச்சு இருந்தால் அப்போது தண்ணீரில் கலக்கும்.

அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கிருமி சாகும், ஆனால் அந்த நச்சுகளில் ஒன்றான மைக்ரோசிஸ்டின் போகாது, ஆடு மாடுக்குக்கூட அந்தத் தண்ணீரைக் காட்டாதீர்கள்.