வாசகர் கேள்வி: சின்ன லப்டொப்புக்கு எந்தத் தோள் பை?

கேள்வி: என்னிடம் இருப்பது 13 அங்குல லப்டொப். வேலைக்கு ரயிலில் கோட்டைக்குப் போகிறேன், சில நாட்களில் 100ஆம் இலக்க பஸ். முதுகுப் பை நெரிசலில் இடைஞ்சல். குறுக்காகப் போடும் சிறிய பை வாங்க என்ன பார்க்க வேண்டும்? மழை தாங்குமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பையில் தொங்கும் அட்டையிலுள்ள அங்குலத்தை நம்பாதீர்கள். 13 அங்குலம் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. ஒரே 13.3 அங்குலத் திரை 16:9 விகிதத்தில் 16.6 செ.மீ. உயரம், 16:10 என்றால் 17.9. அதனால்தான் பழைய மாதிரிகளுக்குத் தைத்த பையில் புதிய லப்டொப் நீளவாட்டில் பொருந்தியும் மேல் சிப் மூட மறுக்கிறது. வீட்டிலேயே அடிமட்டத்தால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பையின் உள்ளறை, வெளிப்புறமல்ல, இரு பக்கமும் 2 செ.மீ. கூடுதலாக இருந்தால் போதும். 4 செ.மீ.க்கு மேல் இடம் விட்டால் லப்டொப் ஆடி, மூலைகள் அடிபடும்.

அடுத்து, அடிப்பகுதி. பெரும்பாலான மலிவுப் பைகள் தோற்றுப்போவது இங்கேதான். முன்னும் பின்னும் தடிப்பாக ஸ்பொஞ் வைத்துவிட்டு, அடியில் வெறும் துணி மடிப்பை விட்டுவிடுவார்கள். ரயில் தரையில் பையை வைத்ததும் லப்டொப்பின் விளிம்பு நேரே தரையில் இடிக்கிறது. ஒரு கையை உள்ளே விட்டு, மறு கை விரலால் வெளியிலிருந்து அடியை அழுத்திப் பாருங்கள். விரல் தெளிவாகத் தட்டுப்பட்டால் பாதுகாப்பு இல்லை. லப்டொப் அறை பையின் அடியைத் தொடாமல் 2 செ.மீ. மேலே நிற்கும்படி தைத்திருந்தால், அதுவே நல்ல வேலை. மற்ற எல்லாம் பிடித்திருந்து இது மட்டும் குறை என்றால், யோகா விரிப்பின் மிச்சத்தில் 1 செ.மீ. தடிப்புக்கு ஒரு துண்டு வெட்டி அடியில் போடலாம்.

பட்டியின் அகலம் 38 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அது பையோடு சேரும் இடத்தைப் புரட்டிப் பாருங்கள்: சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தையல் ஓடியிருந்தால் தாங்கும். மடிப்புக்குள் செருகி ஒரே கோட்டில் தைத்திருந்தால் முதலில் பிய்வது அங்கேதான். சுழலும் கொக்கி உலோகமாக இருக்கட்டும். பட்டியை நீட்டிப் போட்டுப் பலமாக இழுத்தால் கட்டுவளையம் வழுக்குகிறதா? கடையிலேயே வழுக்கினால், லப்டொப்பின் பாரத்தில் நிச்சயம் இறங்கும்.

மழைக்கு வருவோம். துணி தண்ணீர் விடாது என்று எழுதியிருந்தாலும் ஊசித் துளைகளும் சிப்பும் விடும். மேல் மடிப்பு பக்கவாட்டையும் இறங்கி மூட வேண்டும். பையின் உட்புறப் பூச்சை நகத்தால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அல்லது செதிலாக உரிந்தால் வாங்க வேண்டாம். பொலியுரேதேன் பூச்சு ஈரக் காற்றில் தானாகவே சிதையும், கொழும்பில் நீண்ட நாள் தேங்கிக் கிடந்த சரக்கில் இது சகஜம். புறக்கோட்டையில் வாங்கும்போது இதைக் கட்டாயம் செய்யுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை எந்தப் பையானாலும் லப்டொப்பை ஒரு பொலித்தீன் உறைக்குள் போட்டே வையுங்கள். தண்ணீர்ப் போத்தல் அதே அறைக்குள் வேண்டவே வேண்டாம். நனைந்த பையைத் திறந்து நிழலில் காய வையுங்கள்.

மொத்தப் பாரம் 3 கிலோவைத் தாண்டும் நாட்களில் ஒற்றைத் தோள் பை வேண்டாம். அப்போது முதுகுப் பைதான் சரி.

கேள்வி: பையின் மூடியில் காந்தப் பொத்தான் இருக்கிறது. லப்டொப் பழுதாகுமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: எஸ்எஸ்டி (காந்தத் தட்டு இல்லாத சேமிப்பகம்) உள்ள லப்டொப்பில் தரவு அழியாது. ஆனால் திரை மூடப்பட்டதை அறிய பல லப்டொப்களில் காந்த உணரி இருக்கிறது. பையின் மேல் லப்டொப்பை வைத்து வேலை செய்தால், பொத்தான் அதன் அருகே வந்து திரை திடீரென அணையலாம். காந்தப் பட்டையுள்ள வங்கி அட்டையையும் பொத்தானுக்கு அருகே வைக்க வேண்டாம். இதைவிடப் பெரிய ஆபத்து, ஸ்லீப்பில் விட்டபடியே பைக்குள் போடுவது. இடையில் விழித்துக்கொண்டால் காற்றோட்டமில்லாமல் சூடேறி பெற்றரி கெடலாம். பயணத்துக்கு முன் முழுவதுமாக ஷட்டவுன் செய்யுங்கள்.