காட்பாடி வீட்டு ரெய்டில் வக்கீல் கடிதங்களும் போய்விட்டன: என்ன செய்யலாம்?

காட்பாடி வீட்டில் லஞ்ச ஒழிப்புத் துறை நடத்திய ரெய்டில் அப்பாவின் வக்கீல் கடிதங்களும் போய்விட்டன, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வக்கீல் கடிதங்கள் இருக்கின்றன என்று சொல்லி ரெய்டை நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் முன்னாள் பேரூராட்சித் தலைவரான உங்கள் அப்பா வக்கீலிடம் ஆலோசனை கேட்டு எழுதிய கடிதங்களைச் சாட்சியமாக்குவதை எதிர்க்கலாம். பாரதிய சாட்சிய அதினியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) பிரிவு 132 வக்கீலின் வாயைக் கட்டுகிறது. பிரிவு 134 கட்சிக்காரரை, அதாவது வக்கீலை அமர்த்தியவரை, காக்கிறது. அப்பாவே விரும்பிக் கூண்டேறிச் சாட்சி சொன்னால் அந்தக் காப்பு தளரும்.

லஞ்ச ஒழிப்புத் துறையினர் பீரோவில் இருந்ததை மொத்தமாக அள்ளியிருப்பார்கள். மகஜர் (எதை எடுத்தார்கள் என்று எழுதிய பதிவு) நகலைப் பாருங்கள். ‘நீல நிற ஃபைல் - 1’ என்று மட்டும் இருந்தால், உள்ளே என்ன இருந்தது என்பதே பதிவாகவில்லை. சோதனையை வீடியோ எடுப்பது இப்போது கட்டாயம்; அதையும் கேளுங்கள். அப்புறம், தாமதிக்காமல், கடிதங்களைப் பிரித்து சீல் வைக்கக் கோரி கோர்ட்டில் மனு போடுங்கள்.

வக்கீலின் போன், லேப்டாப் கதை வேறு. 2025 அக்டோபர் 31 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, விசாரணை அதிகாரி கேட்டாலும் அவற்றைக் கோர்ட்டில்தான் ஒப்படைக்க வேண்டும். ஆட்சேபணை கேட்ட பிறகு, வக்கீலும் கட்சிக்காரரும் இருக்கும்போதுதான் திறக்கலாம்.

கிரயப் பத்திரம், பாஸ்புக் எல்லாம் வக்கீலிடம் கொடுத்து வைத்ததால் மட்டும் ரகசியமாகிவிடாது. பணத்தைப் பதுக்க யோசனை கேட்ட கடிதமா? அதற்குப் பாதுகாப்பே கிடையாது.