சேப்பாக்கத்துச் செங்கல்லும் துணைவேந்தர்களும்: கேள்வி பதில்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடங்களையும் துணைவேந்தர்களையும் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது என்கிறார்கள். செனட் மண்டபமும் அந்த ஆண்டில் கட்டியதுதானா?

இல்லை. 1857 செப்டம்பர் 5 அன்று சட்டத்தின் மூலம் பல்கலைக்கழகம் பிறந்தது. பல்கலைக்கழகத்தின் ஆட்சிப் பேரவையான செனட்டின் பெயர் தாங்கிய மண்டபத்தின் வேலை 1874இல் தொடங்கி 1879இல் முடிந்தது. இடைப்பட்ட 22 ஆண்டுகள் சொந்த மண்டபம் கிடையாது. அன்றைய விருந்து மண்டபத்தில், அதாவது இன்றைய ராஜாஜி மண்டபத்தில், பட்டமளிப்பு விழாக்கள் நடந்தன. லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டதால் தேர்வு நடத்துவதும் பட்டம் கொடுப்பதும்தான் பல்கலைக்கழகத்தின் அன்றைய வேலை. பாடம் நடத்தியவை கல்லூரிகள்.

தொடக்கத்தை இன்னும் பின்னால் தேடவேண்டும். உயர்கல்வி வேண்டும் என்று கேட்டு 1839இல் ஆளுநர் எல்பின்ஸ்டனிடம் மனு கொடுத்தார்கள். அதில் ஏறத்தாழ 70,000 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். தந்தியும் ரயிலும் வராத காலத்தில் அத்தனை கையெழுத்துகள்! என்னைக் கேட்டால் அதுதான் இந்தப் பல்கலைக்கழகத்தின் அடிக்கல்.

கேள்வி: செனட் மண்டபம் கோயில்போலவும் இல்லை, மாதா கோயில்போலவும் இல்லை. அது என்ன பாணி?

இந்தோ சாரசனிக், அதாவது இந்திய, இஸ்லாமியக் கட்டடக் கலைகளை ஐரோப்பிய முறையோடு கலந்த பாணி. வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். பக்கத்திலேயே மாநிலக் கல்லூரியைக் கட்டியவரும் அவரே. இரண்டையும் ஒரே நாளில் நடந்து பாருங்கள். 1870இல் திறந்த கல்லூரிக் கட்டடத்தில் இத்தாலியச் சாயல் தூக்கலாகத் தெரியும். செனட் மண்டபத்துக்கு வரும்போது அவர் கண் அருகில் இருந்த சேப்பாக்கம் மாளிகைமேல் விழுந்துவிட்டது. 1768இல் ஆற்காட்டு நவாபுக்காக எழுந்த மாளிகை அது. அதன் வளைவுகளோடு பழைய கிழக்கு ரோமப் பேரரசின் பைசாந்தியக் கட்டடக் கலையின் கூறுகளையும் கலந்து, நான்கு மூலைகளிலும் குவிமாடம் வைத்த கோபுரங்களை நிறுத்தினார். ஒரே மனிதருடைய கை பத்தாண்டுகளுக்குள் எப்படி மாறியது என்பதை அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கட்டடங்களில் பார்க்கக் கிடைப்பது பெரிய பேறு.

உள்ளே போக வாய்ப்புக் கிடைத்தால் அவசரப்படாதீர்கள். வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் வழியாக வெயில் இறங்கும்போது தரையில் நிறத் திட்டுகள் மெல்ல இடம் மாறுவதைப் பார்க்கலாம். நான் முதல்முறை போனபோது கூரையைப் பார்க்க மறந்து தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நெடுங்காலம் பாழடைந்துகிடந்த மண்டபம் அது. 150ஆம் ஆண்டு நிறைவையொட்டிப் பழுதுபார்த்து மீட்டார்கள். அந்த வேலையில் பங்கு கொண்ட ஒவ்வொருவரையும் வணங்கத் தோன்றுகிறது.

கேள்வி: அங்கே சட்டமன்றம் கூடியது என்று என் தாத்தா சொல்வார். உண்மையா?

உண்மை. 1937 ஜூலை முதல் டிசம்பர் வரை, ராஜாஜி அமைச்சரவை பதவியேற்ற புதிதில், சென்னை மாகாணச் சட்டமன்றம் செனட் மண்டபத்தில் கூடியது. 1938 ஜனவரியில் விருந்து மண்டபத்துக்குப் போனது. பட்டமளிப்பு விழா எங்கிருந்து வந்ததோ, சட்டமன்றம் அங்கே போய்ச் சேர்ந்தது!

கேள்வி: முதல் இந்தியத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார்தானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவருக்கு முன்பே பல இந்தியர்கள் அந்தப் பதவியில் இருந்தார்கள். அவர்களில் முதலாமவர் சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், 1904இல். முதல் துணைவேந்தர் கிறிஸ்டோபர் ராலின்சன் தலைமை நீதிபதி. சுப்பிரமணிய ஐயரும் உயர்நீதிமன்ற நீதிபதிதான். அந்நாளில் நீதிபதிகள் இப்பதவிக்கு வருவது வழக்கம். அவர் பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனுக்கு இந்தியாவின் தன்னாட்சி கோரிக் கடிதம் எழுதினார். அதனால் எழுந்த கண்டனத்துக்குப் பணியாமல் ஆங்கில அரசு கொடுத்த பட்டங்களைத் துறந்தார். துணைவேந்தர் வரிசையில் நான் மிகவும் மதிக்கும் பெயர் அது.

கேள்வி: அப்படியானால் முதலியாரின் சிறப்பு என்ன?

1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்தார். மகப்பேறு மருத்துவர், சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். அழகப்ப செட்டியார் பெயரிலான தொழில்நுட்பக் கல்லூரி 1944இல் கிண்டியில் அமைந்ததும், 1957இல் நூற்றாண்டு வந்ததும் அவர் காலத்தில்தான். ஆனால் எல்லாமே அவரால்தான் என்று சொல்வது முன்னோருக்குச் செய்யும் அநியாயம். பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்த தமிழ்ப் பேரகராதி 1924 தொடங்கி 1936க்குள் வெளிவந்துவிட்டது. கணித ஆசிரியராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924இல் நூலகராகச் சேர்ந்து, இங்கே பணியாற்றிக்கொண்டே நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931இல் வெளியிட்டார். பேரகராதியைத் தொகுத்தவர்களும் ரங்கநாதனும் துணைவேந்தர்கள் அல்லர்.

கேள்வி: அவருக்குப் பின் வந்தவர்?

நெ. து. சுந்தரவடிவேலு. காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவுத் திட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன கல்வித்துறை இயக்குநர். அடுத்து 1975இல் பொருளியலறிஞர் மால்கம் ஆதிசேஷையா வந்தார்.

கேள்வி: முதல் பட்டதாரிகள் எந்த ஊர்க்காரர்கள்?

சென்னைக்காரர்கள் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? இருவருமே யாழ்ப்பாணத்தவர்கள்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை. தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்து, 1887இல் கலித்தொகையை அச்சிட்டுக் கொடுத்தார்.