ஆங்கிலத்தில் ‘தான்’ போட்டுப் பேசுவது எப்படி?

கேள்வி: ஐடி கம்பெனியில் சப்போர்ட் வேலையில் இருக்கிறேன். லண்டன் கிளையன்ட்டின் மெயில்களில் ‘வாட் வி நீட் இஸ்...’, ‘இட் வாஸ் யுவர் டீம் தட்...’ என்று அடிக்கடி வருகிறது. படித்தால் புரிகிறது, ஆனால் எழுத வரவில்லை. ‘ஹி ஒன்லி டோல்ட் மீ’ என்று நான் எழுதியதை அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். ‘வென்’, ‘இஃப்’ வரும் நீள வாக்கியங்களிலும் தடுமாற்றம்தான். எங்கே தப்பு?

பதில்: ‘அவர்தான் சொன்னார்’ என்று நினைத்து, ‘தான்’ இருந்த இடத்தில் ‘ஒன்லி’யை வைத்திருக்கிறீர்கள். நம் ஊரில் அது எல்லோருக்கும் புரியும். லண்டன்காரருக்கோ ‘சொன்னதோடு சரி, வேறெதுவும் செய்யவில்லை’ என்றோ ‘என்னிடம் மட்டும் சொன்னார்’ என்றோதான் கேட்கும். ‘ஹி இஸ் தி ஒன் ஹூ டோல்ட் மீ’ என்று எழுதுங்கள், குழப்பமே இருக்காது. ஆள் பெயரோடு சொல்வதானால் ‘இட் வாஸ் ரவி ஹூ டோல்ட் மீ’.

இப்படி ஒரே வாக்கியத்தை இரண்டாகப் பிளந்து, அழுத்தம் தர வேண்டியதைத் தனியே நிறுத்துவதற்கு கிளெஃப்ட் சென்டென்ஸ் என்று பெயர் (டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ ஜெஸ்பெர்சன் வைத்தது). பெயர்தான் புதிது, வேலை நமக்குப் பழகியதுதான். ‘ரவி சொன்னான்’ என்பதை ‘சொன்னது ரவிதான்’ என்று மாற்றுகிறோமே, அதேதான், ஆனால் நாம் ரவியைக் கடைசியில் நிறுத்துகிறோம், ஆங்கிலம் ‘இட் வாஸ்’ போட்டு முன்னால் கொண்டுவருகிறது. நேரில் பேசும்போது இது இல்லாமலும் சமாளிக்கலாம், ‘ரவி’யைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாலே போதும். மெயிலில் குரல் இல்லை, அதனால் அங்கேதான் இதற்குத் தேவை அதிகம்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘இட் வாஸ் சென்னை தட் ஐ மெட் ஹர்’ என்று எழுதுவார்கள். தமிழில் ‘அவளைச் சந்தித்தது சென்னைதான்’ என்போமா? ‘சென்னையில்தான்’ என்போம். அந்த ‘இல்’ மாதிரியே ‘இன்’னும் கூடவே வரவேண்டும்: ‘இட் வாஸ் இன் சென்னை தட் ஐ மெட் ஹர்’. அப்புறம், பின்னால் வருவது பன்மையாக இருந்தாலும் முன்னால் ‘இட் இஸ்’ மாறாது: ‘இட் இஸ் மை பேரன்ட்ஸ் ஹூ பே தி ரென்ட்’.

‘வாட் வி நீட் இஸ் மோர் டைம்’ இதன் தங்கை, ‘எங்களுக்கு வேண்டியது இன்னும் கொஞ்சம் அவகாசம்’ என்கிற அமைப்பு. பேச்சில் இது சர்வ சாதாரணம். ‘வாட் ஐ டிட் வாஸ் ரீஸ்டார்ட் தி சர்வர்’, ‘ஆல் ஐ வான்ட் இஸ் அ ரிப்ளை’ எல்லாம் இதே குடும்பம். ஆங்கிலத்தில் பேச்சு சரளமாக வரவேண்டும் என்றால் இந்த ‘வாட்’ வகையை முதலில் பழகுங்கள் என்பேன், ‘இட்’ வகையைவிட இது நாக்குக்கு எளிது.

ஒரு எச்சரிக்கை. ‘இட் வாஸ் ரவி ஹூ டெலீட்டட் தி ஃபைல்’ என்று எழுதினால், ஃபைல் அழிந்தது எதிராளிக்கு ஏற்கெனவே தெரியும், யார் செய்தது என்பது மட்டுமே கேள்வி என்று ஆகிவிடும். அவருக்கு அது முதல் செய்தி என்றால் திகைப்பார். விரல் நீட்டிக் குற்றம் சொல்கிற தொனியும் கூடவே வந்துவிடும். ‘இட் வாஸ் யுவர் டீம் தட்’ என்று கிளையன்ட் எழுதும்போது அவர் கோபமாக இருக்கலாம் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், பதிலில் நீங்களும் அதே அமைப்பைத் திருப்பி வீசாதீர்கள்.

சரி, ‘வென்’, ‘இஃப்’ வரும் துணை வாக்கியங்களுக்கு வருவோம். ‘வென் ஐ வில் அரைவ், ஐ வில் கால்’ என்பது தப்பு, ‘வென் ஐ அரைவ்’ போதும். தமிழைக் கவனியுங்கள்: ‘போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறேன்’ என்கிறோம், ‘சேர்ந்ததும்’ என்பதில் எதிர்காலம் இல்லை. ‘மழை வந்தால்’ என்பதிலும் இல்லை, ஆகவே ‘இஃப் இட் ரெயின்ஸ்’. அதேபோல ‘பெய்தாலும்’ என்று சொன்னபின் தனியாக ‘ஆனால்’ போடமாட்டோம், ‘ஆல்தோ’வுக்குப் பிறகு ‘பட்’டும் வேண்டாம்.

கேள்வியை உள்ளே பொதியும்போதுதான் தமிழ் நம்மை ஏமாற்றுகிறது. ‘அவர் எங்கே இருக்கிறார்?’ என்பது ‘எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை’ என்று ஆகும்போது தமிழில் சொல்வரிசை மாறுவதில்லை. ஆங்கிலத்தில் மாறும். ‘ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி’ அல்ல, ‘வேர் ஹி இஸ்’. ‘வென்’ இப்படிப் பொதிந்த கேள்வியாக வந்தால் அதோடு ‘வில்’ தாராளமாக வரலாம்: ‘ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்’. சந்தேகம் வந்தால் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘எப்போது வருவார் என்று’ என வந்தால் ‘வில்’ உண்டு, ‘வந்ததும்’ என வந்தால் கிடையாது.